தங்கப்பழத்தின் உரிந்த எழுத்து

சங்கரன்கோவிலில் தங்கப்பழத்தின் மேல் சாயாத முதுகு கிடையாது. ஆள் மேல் இல்லை, அவர் பேர் மேல். கழுகுமலை ரோட்டில் கல்யாணம் காட்சிக்குப் பிளாஸ்டிக் சேரும் அண்டாவும் வாடகைக்கு விடுகிறவர் அவர். எழுத்து வெட்டிய தகரத்தைச் சேரின் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டு வெள்ளைப் பெயிண்டை அடிப்பார். தகரத்தை எடுத்த இடத்தில் 'தங்கப்பழம், ச.கோவில்' என்று தடித்த எழுத்து நிற்கும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கப் பேரைச் சுரண்டுகிற களவாணி முன்பக்கப் பேரை மறந்துவிடுவான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. களவாணிகளும் இதுவரை அதைப் பொய்யாக்கவில்லை.

இதில் சில சங்கடங்களும் உண்டு. ஒரு காதுகுத்துக்குப் பெயிண்ட் காயாத சேரை அவசரத்தில் அனுப்பிவிட்டார். குழந்தையின் தாய்மாமன் சிவப்புச் சட்டையோடு வந்து அதில்தான் கால் மேல் கால் போட்டுச் சாய்ந்தார். எழுந்து நடந்தபோது அவர் முதுகில் தங்கப்பழம் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டு நின்றார். மனிதருக்கு அது தெரியாது. சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாயங்காலம் சாமான் ஏற்றும்போது அவரையும் சேர்த்துக் குட்டியானை வண்டியில் ஏற்றாமல் விட்டதே பெரிய காரியம் என்று ஊர் பேசிக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு சேரையும் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்.

ஊரையே உட்காரவைக்கிற அந்த மனிதர் தன் சேரில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலிப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் உட்காருவார், சாப்பிடுவார், மதியம் தூங்கவும் செய்வார். வாளியில் தூங்குவது எப்படி என்று கேட்கக் கூடாது. அது ஒரு வித்தை.

அவரிடம் சேர்கள் இரண்டு வகை. நிறம் ஒன்று, கம்பெனி ஒன்று, கால்கள் எல்லாவற்றுக்கும் நாலுதான். முன் குடோனில் இருப்பவை விசேஷ வீட்டுக்கு. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருப்பவை கேத வீட்டுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்கு. கேத வீட்டில் போட்ட சேரைக் கல்யாண வீட்டில் போட்டால் இந்தப் பக்கத்தில் எவரும் பொறுக்க மாட்டார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள், சேர் 'அங்கன' போனது இல்லையே என்று. அங்கன என்றால் எங்கே என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், தங்கப்பழமும் கேட்க மாட்டார். "இல்ல" என்பார். அந்த ஒரு 'இல்ல'யின் மேல்தான் அவருடைய கடை நின்றது.

சும்மா நிற்கவில்லை. ராயகிரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சேர் பற்றவில்லை. கொட்டகை நிறையச் சேர் கிடந்தது. சுமை ஏற்றுகிற மாரிக்கண்ணன், கழுவித் துடைத்துக் கொண்டுபோனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டான்.

"எனக்குத் தெரியும்லா" என்றார் தங்கப்பழம்.

போட்டிக் கடைக்காரனிடம் போய்த் தலையைச் சொறிந்து நின்று, அவன் பேர் போட்ட சேரை வாங்கி, அவன் பேர் போட்ட சேரைத் தன் வண்டியில் ஊர் பார்க்க ஏற்றிக்கொண்டு போனார். வியாபாரத்தில் இதைவிடக் கேவலம் ஒன்று இல்லை. ஆனால் சேர் கலக்கவில்லை.

கலக்காமல் காத்தது எழுத்துதான். அவருடைய முதல் தகரம் பழையது. பெயிண்ட் மேல் பெயிண்டாக ஏறி ஓரமெல்லாம் தடித்துப்போயிற்று. நடுவில் துரு தின்றது. தகரத்தில் எழுத்து வெட்டும்போது சுழிக்குள் இருக்கிற துண்டு விழுந்துவிடாமல் சின்னதாக ஒரு பாலம் விட்டு வெட்டுவார்கள். அந்தப் பாலங்கள் சிலது முறிந்தும் போயின. அந்தத் தகரத்தில் அடித்தால் எழுத்து தடிமாடு மாதிரி வரும், ஆனால் எலி கடித்த தடிமாடு. அங்கங்கே உரிந்து, அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழுந்து, ழ-வின் சுழி அடைத்துக் கண் மூடினாற்போல் இருக்கும். ஆகவே புதுத் தகரம் ஒன்று வெட்டினார். புதியதைக் கல்யாணச் சேருக்கு வைத்துக்கொண்டார், பழையதைக் கேதச் சேருக்குத் தள்ளினார். உரிந்த எழுத்து கேதத்துக்கு, முழு எழுத்து விசேஷத்துக்கு. சேர் எங்கே கலந்து கிடந்தாலும் அவர் கண் பிரித்துவிடும்.

இந்தச் சங்கதி அவருக்கும் மாரிக்கண்ணனுக்கும் மட்டும் தெரியும். ஊருக்குத் தெரிந்தால், எந்த விசேஷத்திலும் ஆள் உட்காருவதற்கு முன்னால் சேரின் முதுகைக் குனிந்து பார்ப்பான். அவர் மனைவி சுப்புத்தாய்க்கும் சொல்லவில்லை. சொன்னால் அந்த எழுத்தைக் கண்ணால் பார்த்ததற்கே தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வாள்.

மகள் அபிதாவுக்கும் சொல்லவில்லை. வம்பு அங்கேதான் முளைத்தது.

அபிதா பாலிடெக்னிக்கை விட்டு வந்தாளா, பாலிடெக்னிக் அவளை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. அரியர்களோடு வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், மறுபடியும் சுவர். சுப்புத்தாய் கோமதி அம்மன் சன்னதியில் மாவிளக்கு நேர்ந்தாள். தங்கப்பழம் அறை வாசலில் வந்து நிற்பார். மகளிடம் என்ன பேசுவது என்று அவருக்குப் பிடிபடாது. "பழம் திங்கியாட்டி" என்பார். வேண்டாம் என்பாள். போய்விடுவார். மறுநாளும் வந்து நின்று அதையே கேட்பார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடை நடத்துகிற ஷிரின் பானு, தங்கச்சி நிக்காஹுக்குச் சேர் பேச வந்தவர், அண்டாக்களில் அபிதா பெயிண்டால் எழுதிவைத்திருந்த எண்களைப் பார்த்தார். வீட்டில் படுத்துக்கிடக்கிற கையா இது என்று கேட்டு, கடைக்கு அனுப்பச் சொன்னார். அபிதா போனாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் போட்டாள்.

ஒருநாள் கொட்டகை உத்திரத்தில் செருகியிருந்த பழைய தகரத்தைக் காணவில்லை. எலி தகரமும் தின்ன ஆரம்பித்துவிட்டதா என்று தங்கப்பழம் யோசித்தார். எலி இல்லை, அபிதா. அந்தத் தகரத்தை வெள்ளை சார்ட்டில் வைத்து பெயிண்ட் அடித்து, போட்டோ பிடித்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருந்தாள். தகரத்தில் இருந்தது அவருடைய பேரும் ஊரும் மட்டும். மிச்ச எழுத்துகளை அவளே செய்தாள். ப-வின் காலை வெட்டி, ம-வின் வயிற்றை ஒட்டி, ங-வின் மடக்கை நிமிர்த்தி, ஒவ்வொன்றிலும் அதே துருப்புள்ளி, அதே உரிசல், அதே முறிந்த பாலம். பல மாதம் அதுவே வேலை. இதற்கிடையே அவள் சுவரைப் பார்த்துப் படுப்பதை எப்போது விட்டாள் என்று வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

தமிழ் எழுத்து முழுக்கச் செய்து முடித்து அதற்குப் 'பழம்' என்று பேர் வைத்தாள். கடையில் டீ குடித்துக்கொண்டு வாளியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனை நீட்டினாள்.

"முதல்ல உங்க பேர்தாம்ப்பா அடிச்சுப் பாத்தேன்."

தங்கப்பழம் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கண் மூடிய ழ. கேதச் சேர் ஒன்று போனுக்குள் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. வாயிலிருந்த டீயை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மகளைப் பார்த்தார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீயை விழுங்கிவிட்டு, நல்லாயிருக்கு மக்கா என்றார். அபிதா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அதோடு அவர் வாய் அடைத்துப்போயிற்று.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததை ஒரு மனிதன் தாங்க முடியாது. முதலில் கபடி டீம். பனியன் முதுகில் பேரை அந்த எழுத்தில் போட்டார்கள். முரட்டு எழுத்து, ஏற்கனவே பத்து ஆட்டம் விழுந்து புரண்டு எழுந்த எழுத்து, கபடிக்கு அதைவிடப் பொருத்தம் ஏது. டீம் ஜெயித்தும் தொலைத்தது. அப்புறம் புரோட்டாக் கடை, ஜிம், பிரியாணி வண்டி, லாரியின் முன் கண்ணாடி. பைக்கில் போகிற பயல்களின் சட்டையில். ஷிரின் பானு கடையில் யார் வந்தாலும் "எனக்கும் பழத்துல போடுங்க" என்றார்கள்.

ஊருக்கு அது கெத்து. தங்கப்பழத்துக்கு மட்டும் புளியங்குடி ரோடு பூராவும் கேத வீடாகத் தெரிந்தது. புரோட்டாக் கடைப் போர்டைப் பார்த்ததும் அவரை அறியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். பிரியாணி வண்டியைக் கடக்கும்போது அவர் முகத்தில் ஒரு துக்கம் வரும். வண்டிக்காரன் அதைப் பசி என்று நினைத்து இரண்டு முறை கூப்பிட்டான்.

மாரிக்கண்ணனுக்கோ ஒரே கொண்டாட்டம். கபடி டீமைப் பார்த்து, கேத டீம் வருது என்று அவர் காதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தங்கப்பழம் அவனைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். கோமதி அம்மன் புற்று மண்ணை அவன் உள்ளங்கையில் வைத்து, வெளியே மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்.

"அந்த எழுத்து எம்மகளை எழுப்பி உட்கார வச்சிருக்குலே. அது அங்கன கிடந்த எழுத்துன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, ஊரு அதைத் தலை முழுகிரும். புள்ள திரும்பச் சுவத்தைப் பாத்துப் படுத்துரும்."

மாரிக்கண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டான். நல்லவன்தான். வாயும் நல்ல வாய்தான், மூடியிருக்கிற வரைக்கும்.

அப்படியே போயிருக்கும். கரிவலம்வந்தநல்லூர் கோமதியம்மாளின் மகள் அனுவுக்குக் கல்யாணம் வந்தது. கோமதியம்மாள் கணவர் போனபின் வயலையும் ஆட்டையும் தனியாகப் பார்த்து மகளைப் படிக்கவைத்த மனுஷி. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அந்த வீட்டுக்குத் தங்கப்பழம் கடைதான். சங்கரன்கோவிலில் மண்டபம் பிடித்து, சேருக்கு இவரிடம் சொன்னார். அங்கன போனது இல்லையே என்று கேட்டார். இவரும் இல்ல என்றார். அன்று சாயங்காலம் அபிதா துள்ளிக்கொண்டு வந்தாள். மண்டப வாசலுக்குப் பெரிய ஆர்ச். மணமகள் பேரும் மணமகன் பேரும் பழத்தில். அனுவே போனில் பார்த்து ஆசைப்பட்டுச் சொன்னதாம். முதல் கல்யாண ஆர்டர்.

தங்கப்பழம் சுற்றி வளைத்துப் பார்த்தார். கல்யாணத்துக்கு உருண்டையாகப் பூ மாதிரி ஒரு எழுத்து போடுவார்களே, அதுவல்லவா லட்சணம் என்றார். இது கபடிக்குச் சரி, தாலிக்குச் சரியா என்றார். அபிதாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

"உங்களுக்குப் பிடிக்கலையாப்பா? அன்னைக்கு நல்லாயிருக்குன்னியளே."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். படுக்கவில்லை. சுவரை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அது போதும். தங்கப்பழம் வாசலில் நின்று, பிடிச்சிருக்குட்டி, பழத்துலயே போடு என்று சொல்லிவிட்டு வாளிக்குப் போனார்.

வாளியில் உட்கார்ந்து யோசித்தார். எழுத்துக்கு என்ன தோஷம்? அது கேதச் சேரில் கிடக்கிறது, அவ்வளவுதானே. அங்கிருந்து இறக்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கேதச் சேருக்கும் புதுத் தகரத்தில் முழு எழுத்தைப் போட்டால் இரண்டும் ஒன்றாகிக் கலந்துபோகும். கலந்தால் அவருடைய 'இல்ல' பொய்யாகும். அப்படியானால் வழி ஒன்றுதான். சேர் அதனதன் இடத்தில் இருக்கட்டும். எழுத்து இடம் மாறட்டும். உரிந்தது விசேஷத்துக்கு, முழுசு கேதத்துக்கு.

மறுநாளே தின்னர் டின்னும் பழந்துணியுமாக இறங்கினார். குடோன், கொட்டகை, எல்லாச் சேரின் முன்னும் பின்னும் தன் பேரைத் தானே துடைத்தார். பக்கத்து விசைத்தறிச் சத்தத்துக்கும் தின்னர் வாடைக்கும் நடுவே ஒரு மனிதன் தன் பேரை அழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து சுப்புத்தாய் பயந்துபோனாள்.

"கடையை யாருக்கும் விக்கப் போறியளா?" என்று மெல்லக் கேட்டாள். இல்லை, பெயிண்ட் பழசாயிற்று என்றார். புதுசாக இருந்த பெயிண்டையும் அல்லவா துடைக்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு இன்னொரு துணியைத் தின்னரில் நனைத்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்து மோர் கொண்டுவந்து வைத்தாள்.

மாரிக்கண்ணன் இருந்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். அவன் மாமியார் ஊரான வாசுதேவநல்லூருக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தான். கொடை முடிந்து கல்யாணத்தன்று காலையில் நேராக மண்டபத்துக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

பழைய தகரம் வேண்டும் என்று கேட்டபோது அபிதா நம்பவில்லை. ஷிரின் அக்கா கடையில் ஆணியில் மாட்டி வைத்திருந்ததை ஓடிப்போய் எடுத்துவந்தாள். கல்யாணச் சேருக்கே அந்த எழுத்தைப் போடப் போகிறார் அப்பா. அவளே தகரத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் அடித்தார். எந்த இடத்தில் பெயிண்ட் குறைவாகப் பட்டால் உரிசல் அழகாக வரும் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். கொட்டகைச் சேர்களை மட்டும் அவள் இல்லாத நேரத்தில் தனியாக அடித்தார். விசேஷச் சேரில் கடைசி நாலைந்து கல்யாணத்தன்று விடியும்போதுதான் முடிந்தது. காயாத அந்தச் சேர்களை மட்டும் மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுக்கிப் போட்டுவைத்தார்.

வாசலில் ஆர்ச் கட்டுகிறவர்களோடு அபிதாவும் நின்றாள். பெரிய எழுத்து, மல்லிகைச் சரத்துக்கு நடுவே, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தங்கப்பழமே அண்ணாந்து பார்த்து ஒரு நிமிஷம் துக்கம் இல்லாமல் நின்றார்.

அப்போதுதான் மாரிக்கண்ணன் வந்தான். கொடையில் மூன்று ராத்திரி முழித்த கண். கையில் இலைக்கட்டு. மண்டபத்துக்குள் கால் வைத்தவன் வரிசை வரிசையாகக் கிடந்த சேர்களைப் பார்த்தான். எல்லாவற்றிலும் கண் மூடிய ழ. அவனுக்கு உயிரே போய்விட்டது. முதலாளியைக் காப்பாற்றுகிற அவசரத்தில் சத்தியம், மண், எல்லாம் மறந்துபோயிற்று.

"அண்ணாச்சி, என்ன வே இது, கேதச் சேரைக் கொண்டாந்து கல்யாணத்துல போட்டிருக்கீரு?"

மேளக்காரர் அப்போதுதான் தவிலை இறக்கி வைத்திருந்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது. உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள், சேரில் முள் இருந்தது போல, ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கோமதியம்மாள் பட்டுச்சேலையோடு வந்தார். எதைப் பார்த்துச் சொன்னாய் என்று மாரிக்கண்ணனைக் கேட்டார். அவன் சேரைக் காட்டி, எழுத்து, உரிஞ்ச எழுத்து அங்கன உள்ளது என்றான். கோமதியம்மாள் சேரைப் பார்த்தார். திரும்பி வாசல் ஆர்ச்சைப் பார்த்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மகள் பேர் அதே எழுத்தில், முழ நீளத்தில்.

தங்கப்பழம் அங்கே பார்க்கவில்லை. ஆர்ச்சுக்குக் கீழே நின்ற அபிதாவைத்தான் பார்த்தார்.

"நெசமாப்பா?" என்றாள்.

"நேத்து முந்தாநாள் வரைக்கும் மக்கா" என்றார் அவர்.

கோமதியம்மாளிடம் வந்து, முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறது, என் கூட ஒரு எட்டு வந்து கண்ணால் பாருங்கள், அப்புறம் சேரைத் தூக்கி ரோட்டில் வீசச் சொன்னாலும் வீசுகிறேன் என்றார். கோமதியம்மாள் குட்டியானையின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக ஒருவர் சாமான் வண்டியில் போவதைப் பூ மார்க்கெட்டே நின்று பார்த்தது.

கொட்டகை வாசல் தெரிகிற முடுக்கில் வண்டியை நிறுத்தினார். இறங்க வேண்டாம், இங்கிருந்தே பாருங்கள் என்றார். கொட்டகைக்குள் கேதச் சேர்கள் அடுக்கடுக்காக முதுகு காட்டி நின்றன. எழுத்து ஒவ்வொன்றும் கழுவி வைத்தது போல முழுசாக, ழ கண் திறந்து.

"இதுதான்க்கா அங்கன போற சேரு. மண்டபத்துல கிடக்கதுல ஒண்ணுகூட கேத வீட்டு வாசலை மிதிச்சதில்ல." வண்டியில் வைத்திருந்த புற்று மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கோமதியம்மாள் மண்ணைப் பார்க்கவில்லை, எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு அவுக போன அன்னைக்கு எனக்கு நேரா உம்ம சேர் ஒண்ணு கிடந்துச்சு தம்பி. நாள் பூரா அது முதுகைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அழவும் வரல, வேற எங்கயும் பாக்கவும் முடியல. அதுல ழ-வுக்குக் கண்ணு அடைச்சிருந்துச்சு."

தங்கப்பழத்துக்கு வாயில் இருந்த மண் இறங்கவில்லை.

"அப்ப எழுத்தை மாத்திட்டீரு."

"ஆமாக்கா. சேரை மாத்தல, எழுத்தைத்தான் மாத்தினேன்." இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மகள் படுத்துக் கிடந்ததையும், எழுத்து செய்ததையும், அது எங்கே கிடந்த எழுத்து என்று தெரியாமலே செய்ததையும், அவள் சிரித்ததையும் சொன்னார். கோர்வையாக வரவில்லை. தின்னர் வாடை அடிக்கிற கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொறவு கொட்டகைச் சேருக்கு அடிக்கும்போது ஒண்ணு தோணுச்சுக்கா. கல்யாணத்துக்கு வாரவன் சேரையா பாக்கான்? பந்தியைப் பாக்கான், பொண்ணைப் பாக்கான். கேத வீட்டுல உக்காந்திருக்கவனுக்குத்தான் முன்னால உள்ள சேரு முதுகைத் தவிர வேற போக்கு இல்ல. அங்கனயாவது எழுத்து முழுசா இருக்கட்டுமேன்னு."

கோமதியம்மாள் ஆர்ச்சை இறக்கச் சொல்லப் போகிறார் என்று தங்கப்பழம் காத்திருந்தார்.

"அனு அந்த எழுத்தைப் போன்ல காட்டும்போதே எங்கயோ பாத்த மாரிதான் இருந்துச்சு. பிடிபடல. இப்பத்தான் பிடிபடுது." சேலைத் தலைப்பால் கண்ணை ஒரு ஒற்று ஒற்றிக்கொண்டார். "அவுகளும் மக கல்யாணத்துக்கு வாசல்ல வந்து நிக்காகன்னு வச்சுக்கிடுதேன். வண்டியை எடும், மாப்ள வீட்டுக்காரங்க வந்திருவாக."

மண்டபத்துக்கு வந்தபோது அபிதா ஏணியில் நின்றாள். ஆர்ச்சின் ஒரு மூலைக் கயிற்றை ஏற்கனவே அறுத்திருந்தாள். அனு என்கிற பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. கத்தி கையில் இருந்தது, கண் ரெண்டும் சிவந்திருந்தது. கீழே மாரிக்கண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அவனும் அழுதுகொண்டிருந்தான்.

கோமதியம்மாள் வண்டியிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

"ஏட்டி, என்ன கட்டு கட்டியிருக்க? எம்மக பேரு கோணிக்கிட்டு நிக்கி. நேராக் கட்டிட்டு இறங்கி வந்து காப்பியைக் குடி."

பிறகு உள்ளே போனார். நின்றுகொண்டிருந்த சொந்தக்காரர்கள் முன்னால், முதல் வரிசையில் நடுச் சேரை இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். பெண்ணைப் பெற்றவள் உட்கார்ந்த சேரில் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மேளம் ஆரம்பித்தது.

தாலி ஏறியதும் தங்கப்பழம் உட்கார இடம் தேடினார். வாளி கடையில் இருந்தது. தூணுக்குப் பின்னால் நாலைந்து சேர் ஆளில்லாமல் கிடந்ததைப் பார்த்தார். அவை ஏன் ஆளில்லாமல் கிடக்கின்றன என்பது அப்போது அவர் ஞாபகத்தில் இல்லை. உட்கார்ந்தார். சாய்ந்தார். தன் சேர் இவ்வளவு சுகமா என்று ஆச்சரியப்பட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் காபி தம்ளரோடு அபிதா வந்தாள். மாரிக்கண்ணனை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்றாள். யார் நிறுத்தியது என்றார்.

"பழம் திங்கியாட்டி?" என்றார்.

"சரிப்பா" என்றாள்.

தாம்பூலத் தட்டிலிருந்து எடுத்து வர எழுந்து நடந்தவரின் முதுகை அவள் பார்த்தாள். அன்று அவர் போட்டிருந்தது அபிதாவின் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்த நீலச் சட்டை. அதன் முதுகில் தங்கப்பழம் வெள்ளையாக, இடம் வலமாகத் திரும்பி, பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும், ழ கண் சொக்கிப்போய் நின்றார்.

"அசையாதீங்கப்பா" என்று அபிதா போனை எடுத்தாள். "தகரத்துல வந்ததைவிட இது நல்லா உரிஞ்சிருக்கு."